மற்றபடி முயற்சி நன்று

ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

சுண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் சளி எப்படி இருக்கிறது? கணினி சர்வர்களைக் குளிர வைக்கிற அறையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் கோடையிலும் மூக்கு ஒழுகும் என்று அப்பா சொன்னார். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று வகுப்பு மிஸ் சொன்னதால்தான் நாம் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று அம்மா ஏற்பாடு செய்தாள். "உள்ள என்ன எழுதறேன்னு பாக்க மாட்டேன், கவர் மேல எழுதறத மட்டும் பாப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் கவரை மட்டும் அழகாக எழுதுகிறேன். உள்ளே எறும்புதான். மன்னிக்கவும். போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும்.

இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன் அத்தை. முதலில் நல்ல பகுதியைச் சொல்கிறேன்.

என் பெஞ்சில் உட்காருகிறவளுக்குக் கண் தெரியாது. எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வாள், அதனால் பெயர் ரேடியோ. "சொல்லி" என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதுதான் அவளுக்குப் புத்தகங்களையும் கேள்வித்தாள்களையும் வாசித்துக் காட்டும். பல நாடுகளில் இருக்கிறவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்வது. அதன் தமிழ்க் குரலுக்குக் கழித்தல் குறி கண்ணிலேயே படவில்லை. "மைனஸ் ஐந்து" என்று இருந்தால் "ஐந்து" என்று மட்டும் வாசித்தது. கணக்குப் பரீட்சையில் ரேடியோவுக்கு இருபத்தைந்துக்கு நாலு மதிப்பெண். கணக்கு சார் "உனக்குக் கவனமே இல்லம்மா" என்றார். அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் "கவனமே இல்லம்மா, கவனமே இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சொல்லி"யின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். பள்ளிக் கணினி மன்றத்தில் கொஞ்சம் கற்றிருக்கிறேன். பதினோரு நாள் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தேன். ஆறு வரிதான். பக்கத்தில் "ரேடியோவுக்காக" என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்!

தப்பு இதுதான். அதை அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பில் செய்தேன். பாஸ்வேர்டை அப்பா ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே தட்டுவார், வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த லேப்டாப்பில் அப்பாவின் பெயரும் ஆபீஸ் முகவரியும் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. "அனுப்பு" என்று அழுத்தியதும் அதுவே அப்பா பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டது. இப்போது உலகம் முழுவதும் அந்த ஆறு வரியை எழுதியவர் அப்பா.

அக்டோபர் பதினைந்தாம் தேதி ஆபீஸில் எல்லா லேப்டாப்பையும் வாங்கிச் சோதிப்பார்கள். "இதை வேறு யாரும் தொடவில்லை" என்று அப்பா ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கொடுக்கிறார். போன வருஷம் பொய்யாக எழுதிக் கொடுத்த ஒருவரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அப்பாவுக்கும் அப்படி ஆகிவிட்டால்?

இருக்கிற பத்து நகத்தையும் கடித்துவிட்டேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
சுண்டு


ஜூலை 19

என் சுண்டுவுக்கு,

அத்தை ஒரே ஸ்வெட்டரில் உயிரோடு இருக்கிறேன். மூக்கு தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். உன் நகங்கள் வளர்ந்துவிட்டனவா?

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பயந்தேன். இரண்டாவது தடவை, ஆறு வரி எழுதப் பதினோரு நாள் பார்த்தாய் என்ற இடத்தில் நின்றேன். எங்கள் ஆபீஸில் பதினோரு நிமிஷத்தில் அறுநூறு வரி எழுதி அறையையே அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது தடவை, இந்தப் பெண் என் அண்ணனுக்குப் போய் இப்படிப் பயப்படுகிறாளே என்று சிரித்தேன்.

உன் அப்பா கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லவா? அவருக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. அவருடைய பென்சிலைக் கடித்துத் துப்பிவிட்டேன். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. உட்கார்ந்து எங்கள் அம்மாவுக்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்தார். இன்னும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது:

என்ன செய்தேன்: தங்கையிடம் பென்சில் கொடுத்தேன்.
நடக்க வேண்டியது: முழுப் பென்சில் திரும்பி வர வேண்டும்.
நடந்தது: பாதிப் பென்சில் வந்தது. பல் தடம் உள்ளது.
மற்றபடி தங்கை நல்லவள்.

இவருக்கா பயப்படுகிறாய்? மற்றவர்கள் செய்ததில் பிழை கண்டுபிடிக்கிற வேலையை இவருக்குக் கொடுத்தது யாரோ, நல்ல கண்ணுள்ளவர்.

ஆனால் வேலை விஷயம் விளையாட்டு இல்லை. அதுவும் உண்மை. அவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் நீயே சொல்லிவிட வேண்டும். நான் சொல்ல மாட்டேன்.

ரேடியோ எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று எழுது.

முத்தங்களுடன் (சளி ஒட்டாது, தபாலில்தான் வருகிறது),
அத்தை


ஆகஸ்ட் 2

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

இருபத்து மூன்று! இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று அத்தை! "சொல்லி" புதிய பதிப்பில் முதல் முறையாக "மைனஸ்" என்று சொன்னபோது ரேடியோ பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டாள். "ஏய், இது இத்தன நாளா எங்கடி இருந்துச்சு?" என்று கத்தினாள். கணக்கு சார் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, "கவனம் வந்துருச்சு போல" என்றார். ரேடியோ, "வரல சார், இறக்குமதி பண்ணினோம்" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்று முழுவதும் என்னை "மைனஸ், மைனஸ்" என்றே கூப்பிட்டாள். வாழ்க்கையில் என்னை யாராவது மைனஸ் என்று கூப்பிட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

இனி பயமான பகுதி. புதிய பதிப்பு வந்ததும் நன்றிப் பக்கத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். அதை அப்பா ஆபீஸில் யாரோ பார்த்துவிட்டார். நேற்று எல்லோரையும் கூட்டி வைத்து அப்பாவுக்குக் கை தட்டினார்களாம். அம்மாவிடம் போனில் சொன்னது ஆபீஸில் அப்பாவின் பக்கத்து நாற்காலிக்காரர். அப்பா வந்தபோது கையில் ஒரு கேக் பெட்டி. "எதுக்குப்பா கேக்?" என்று கேட்டேன். "கொடுத்தாங்க" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பெரிய துண்டாக வெட்டி வைத்துவிட்டு, நான் சாப்பிடுகிறதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கை தட்டியபோது அப்பா என்ன சொன்னார் என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டாரா? செய்யாத வேலைக்கு அப்பா பாராட்டு வாங்க மாட்டார். ஆனால் கேக் வந்திருக்கிறதே?

அந்தக் காகிதத்துக்கு இன்னும் எழுபத்து நாலு நாள் இருக்கிறது. சொல்லத்தான் போகிறேன். இன்றைக்கு இல்லை.

சுண்டு


ஆகஸ்ட் 24

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. உடம்பு சரியில்லையா? அம்மாவிடம் கேட்டேன், "நல்லாத்தான் இருக்கா, நேத்து அப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசினா" என்றாள். அப்பாவிடம் பேசினீர்களா? அப்பா மொட்டை மாடிக்குப் போய், ஸ்பீக்கர் போடாமல் பேசினாராம். நம் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

இரண்டு விஷயம். ஒன்று, அப்பா இப்போது வீட்டிலிருந்து வேலை பார்ப்பதே இல்லை. தினமும் ஆபீஸ் போகிறார். லேப்டாப் பையையும் காணோம், சாப்பாட்டு டப்பா மட்டும் கையில். ஏன் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

இரண்டு, "சொல்லி"யில் என் ஆறு வரிக்கு ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். பெயர் "நாலாவது மாடி". பள்ளிக்கூடக் கணினியில் பார்த்தேன். அப்படியே எழுதுகிறேன்:

என்ன செய்தேன்: ஒரு தொலைபேசி எண்ணை வாசிக்கச் சொன்னேன்.
நடக்க வேண்டியது: எண்ணை மட்டும் சொல்ல வேண்டும்.
நடந்தது: நடுவில் உள்ள சிறு கோட்டையும் "மைனஸ்" என்று சொல்லி, பாதி எண்ணிலிருந்து மீதியைக் கழிக்கச் சொன்னது.
மற்றபடி முயற்சி நன்று.

மற்றபடியாம்! முயற்சி நன்றாம்! எந்த ஊர் ஆள் இவர்? ரேடியோ கேட்டுவிட்டு, "அவர் சொல்றது நிஜம்டி. நேத்து என் புஸ்தகத்துல பக்கம் பன்னெண்டு மைனஸ் பதினஞ்சுன்னு சொல்லுச்சு. மைனஸ் மூணாம் பக்கம் எங்கன்னு தேடிட்டு இருக்கேன்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பா பெயரில் இருக்கிற வேலை பிழையோடு நிற்கிறது. இதை வேறு திருத்த வேண்டும்.

பதில் போடுங்கள் அத்தை.

சுண்டு


செப்டம்பர் 3

சுண்டுக் கண்ணுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அறைதான் படுத்துவிட்டது. குளிரூட்டி நின்றுபோய், சர்வர்களெல்லாம் சூடேறி, நாங்கள் பத்துப் பேர் ஒரு வாரம் அங்கேயே குடியிருந்தோம். என் சளி மட்டும் குணமாகிவிட்டது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். அந்தப் புகாரைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறியது. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார். ஏன் சிரித்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த நாலாவது மாடிக்காரருக்கு மரியாதையாகப் பதில் எழுது. முட்டாள்தனமான வேலையாக இருந்தால் அந்த மாதிரி ஆட்கள் நேரம் செலவழித்துச் சோதிக்க மாட்டார்கள்.

நன்றாகச் சாப்பிடு.

அத்தை


செப்டம்பர் 15

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் சர்வர்கள் நலமா? நான் நலம். ஒரு நகம் வளர்ந்திருக்கிறது, இடது கை சுண்டு விரல்.

நீங்கள் சொன்ன மாதிரி மரியாதையாகப் பதில் எழுதினேன். இந்த முறை பள்ளிக்கூடக் கணினியில், மதிய இடைவேளையில், என் சொந்தப் பெயரில். ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் சொல்வாள். தொலைபேசி எண்ணைத் திருத்தி அனுப்பினேன். மறுநாளே நாலாவது மாடி வந்துவிட்டார். பக்க எண் சரியில்லை என்றார். திருத்தினேன். தேதி சரியில்லை என்றார். திருத்தினேன். கதவிலக்கம் என்றார். ரேடியோ, "இந்த ஆளுக்கு வீடு வாசல் இல்லையாடி?" என்றாள். ஆனால் அத்தை, காலையில் பள்ளிக்குப் போனதும் முதலில் அவர் எழுதியிருக்கிறாரா என்றுதான் பார்க்கிறேன். எழுதவில்லை என்றால் ஒரு மாதிரி இருக்கிறது.

நேற்று இப்படி எழுதினார்:

நடக்க வேண்டியது: எதுவும் தவறக் கூடாது.
நடந்தது: எதுவும் தவறவில்லை.
இந்த முறை "மற்றபடி" இல்லை. முயற்சி நன்று.

ரேடியோ இதை நாள் முழுவதும் ஒலிபரப்பினாள்.

ஆனால் அப்பாவின் லேப்டாப் பையைப் பற்றிக் கேட்டேன், மாடியில் பேசியதைக் கேட்டேன். நீங்கள் அதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இன்னும் முப்பது நாள்தான். ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது சொல்லலாம் என்று வாயைத் திறக்கிறேன், சோறுதான் உள்ளே போகிறது.

சுண்டு


செப்டம்பர் 27

சுண்டு,

நலம். நீயும் நலமாக இரு. வேலை நெரிக்கிறது, அதனால் கார்டு.

உன் கையெழுத்து இன்னும் தேறவில்லை. என் ஜூலைக் கடிதத்தை எடுத்து, ஒரு வரி விடாமல் அப்படியே ஒரு முறை பார்த்து எழுது. நல்ல பயிற்சி.

அத்தை


அக்டோபர் 6

அத்தை!

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னிக்கவும்!

பார்த்து எழுதினேன். "என்ன செய்தேன்" என்று எழுதினேன். "நடக்க வேண்டியது" என்று எழுதினேன். "நடந்தது" என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. டார்ச் கீழே விழுந்து வாஷிங் மெஷினுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நம் வீடு நாலாவது மாடியில்தான் இருக்கிறது! தினமும் எழுபத்திரண்டு படி ஏறுகிறேன், எனக்குத் தோன்றவே இல்லையே!

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். "ரேடியோவுக்காக" என்று எழுதியிருந்தேனே, இந்த உலகத்தில் ரேடியோவை அப்பாவுக்குத் தெரியாதா? உங்களுக்கும் தெரியும். ஒரு மணி நேரம் அதைத்தான் பேசினீர்களா? தெரிந்துகொண்டே என்னைக் கதவிலக்கம் வரைக்கும் திருத்த வைத்தாரா?

பயம் போகவில்லை. ஆனால் வேறு மாதிரி பயம். இது கொஞ்சம் சிரிப்பு வருகிற பயம். இன்றைக்கே எழுதி அப்பாவின் சாப்பாட்டு டப்பாவில் வைக்கப்போகிறேன்.

சுண்டு


அக்டோபர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

இதைப் படிக்கும்போது சாப்பாடு சூடாக இருக்கும் என்று நம்புகிறேன்.

என்ன செய்தேன்: கேட்காமல் உங்கள் ஆபீஸ் லேப்டாப்பை ஜூன் மாதத்தில் பதினோரு இரவு திறந்தேன். "சொல்லி"க்கு ஆறு வரி எழுதினேன். அது உங்கள் பெயரில் போய்விட்டது.
நடக்க வேண்டியது: அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.
நடந்தது: மூன்று மாதம் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். நான் ஆபீஸுக்கு வந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

மற்றபடி என்று எழுத எனக்கு எதுவும் இல்லை.

உங்கள் மகள்


அக்டோபர் 7, மதியம்

அன்பு மகளுக்கு,

சாப்பாடு சூடாக இருந்தது. புகார் கிடைத்தது. நிலை: முன்பே தெரிந்த பிழை.

கை தட்டிய அன்று நான் எழுந்து நின்று, "இதை எழுதியது நான் இல்லை, என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். பாஸ்வேர்டு என் வாயிலிருந்து போனது" என்று சொன்னேன். முன்பைவிடப் பலமாகத் தட்டினார்கள். அதன் பிறகு மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, பதினைந்து நிமிஷம் திட்டினார். இரண்டுக்கும் நாம் தகுதியானவர்கள்தான். லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை பத்திரமாக இருக்கிறது. காகிதத்தில் கையெழுத்துப் போட என்னிடம் லேப்டாப்பே இல்லை. கேக், மேலாளர் உனக்காகக் கொடுத்தது. அதனால்தான் பெரிய துண்டு.

கேட்காமல் எடுத்தது தப்பு. அதில் "மற்றபடி" கிடையாது.

என் பெயரில் வெளியே போன வேலை பிழையோடு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் சோதித்தேன். நீ எப்படித் திருத்துகிறாய் என்று பார்க்கும் ஆசையில் கதவிலக்கம் வரை போய்விட்டேன்.

நீயாக வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். உன் நகங்களைப் பார்த்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும். சோதிக்கிறவன் காத்திருக்கலாம், அப்பா காத்திருந்திருக்கக் கூடாது. இது என் பிழை, இன்று மாலை நேரில் வந்து திருத்துகிறேன்.

நாலாவது மாடி


அக்டோபர் 21

அண்ணனுக்கும் சுண்டுவுக்கும் சேர்த்து,

நான் நலம். இரண்டு ஸ்வெட்டர், ஒரே மூக்கு. அண்ணி நலமா?

அண்ணா, இத்துடன் ஒரு பொருள் இணைத்திருக்கிறேன்.

என்ன செய்தேன்: கடைக்குப் போனேன்.
நடக்க வேண்டியது: முழுப் பென்சில் திரும்பி வர வேண்டும்.
நடந்தது: வந்திருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் தாமதம். பல் தடம் இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.
மற்றபடி அண்ணன் நல்லவர்.

சுண்டு, நகங்களின் எண்ணிக்கை எழுது.

அத்தை


நவம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

பத்தும் வந்துவிட்டது! இங்கே எல்லோரும் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும், இது உத்தரவு.

பட்டப்பகலில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். "மூணு மாசமா வாஷிங் மெஷின் மேல மை, அடியில டார்ச். நான் கவர் மட்டும்தான் பாக்கறேன்னு நெனச்சியா?" என்கிறாள். கையெழுத்து பரவாயில்லையாம்.

உங்கள் பென்சிலை அப்பா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சீவினார், ஒரு கோடு போட்டார், "சரிசெய்யப்பட்டது" என்று அதே பென்சிலால் உங்கள் கடிதத்தில் எழுதினார். பிறகு யாருக்கும் கொடுக்காமல் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"சொல்லி"யின் நன்றிப் பக்கத்தில் இப்போது மூன்று பெயர் இருக்கிறது. அப்பா பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். அப்பா விடவில்லை. "இருக்கட்டுமே. பிழை பாக்கறவன் பேர எவன் போடறான்? எனக்கு இது ஒண்ணுதான்" என்றார். அதனால் அப்பா, நான், "கேட்டுச் சொன்னவர்" என்று ரேடியோ.

வீட்டுக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கியிருக்கிறோம். அதில் எனக்குத் தனிக் கணக்கு, அப்பாவுக்குத் தனிக் கணக்கு. அப்பா இப்போது பாஸ்வேர்டு தட்டும்போது தண்ணீருக்குள் முங்கினவர் மாதிரி வாயை இறுக மூடிக்கொள்கிறார். நேற்று ரேடியோ வந்திருந்தாள். அப்பா தட்டி முடித்துத் திரும்பி, "எப்படி?" என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார். ரேடியோ, "அங்கிள், மொத்தம் பதினோரு தட்டு. நாலாவது பெரிய எழுத்து. கடைசி ரெண்டும் ஒரே எழுத்து. இன்னொரு தடவ தட்டினா மிச்சத்தையும் சொல்லிடுவேன்" என்றாள். அப்பாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

இந்த முறை நான் மூன்று மாதம் காத்திருக்கவில்லை அத்தை. அப்போதே ஒரு காகிதம் எடுத்து, என்ன செய்தார், நடக்க வேண்டியது, நடந்தது எல்லாம் எழுதி, அப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

மற்றபடி முயற்சி நன்று என்று முடித்திருக்கிறேன்.

உங்கள்
மைனஸ்